வெந்நீர் மடை

தண்ணீர் ஆறத் தொடங்கியதை முதலில் கவனித்தது யார் என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. ஆளாளுக்குத் தான்தான் என்றார்கள். எங்கள் மலையூரான ஒகுனோசாவாவில் பொதுக் குளியல்கூடத்துத் தண்ணீரின் சூட்டை அறிய யாருக்கும் கருவி தேவையில்லை. பிள்ளையின் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் பார்க்கிறவர்களைப்போலக் கையை விட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

எங்கள் கீழத்தெருக் கூடம் சிறியது. மரச்சுவர், கல்தொட்டி, நடுவே ஒரு தடுப்பு. ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். மலைக்குள்ளிருந்து வரும் வெந்நீர், கூடத்தின் பின்னால் ஒரு மரக்கால்வாயில் வந்து விழும். அங்கே ஒரு மடை இருக்கிறது. பலகையைத் தூக்கினால் வெந்நீர் முழுவதும் தொட்டிக்குள் போகும். இறக்கினால் பாதிக்குமேல் ஓடைக்குப் போய்விடும்; தொட்டியில் நிற்கும் நீர் பனிக்காற்றில் ஆறும். பலகை எப்போதும் தூக்கியபடியே இருக்கும். வெளியூர்க்காரர் காலை வைத்ததும் இழுத்துக்கொள்வார். ஊர்க்காரர் முகம் சுளிக்காமல் கழுத்துவரை இறங்குவார். ஒருவர் எந்த ஊர் என்று இங்கே யாரும் கேட்பதில்லை. தொட்டிக்குள் இறங்குவதைப் பார்த்தாலே போதும்.

நான் ஒசாக்காக்காரன். மாகாணத்தில் ஒலிம்பிக் நடந்தபோது அவசரமாகக் கட்டி, கூட்டம் கலைந்த பிறகு பூட்டிப்போட்ட ஒரு விடுதியை வாங்கிக்கொண்டு, மனைவி ஃபுயுமியோடு இங்கே வந்தேன். அப்போது இந்தத் தெருவில் பாதி விடுதிகளில் மடித்து வைத்த மெத்தைகள் பூசணம் பிடித்துக்கிடந்தன. ஒலிம்பிக்கின் பெயரைச் சொல்லி மலையேறி வந்தவர்கள் ஒரே குளிர்காலத்தில் இறங்கிப் போய்விட்டார்கள். பிறகு, யாரும் கூப்பிடாமலே, பனிக்காக வெளிநாட்டுக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். எங்கள் அடுப்பு எரிவது அவர்களால்தான். வந்து பல குளிர்காலங்கள் ஆகிவிட்டன. இருந்தாலும் என் பெயர் நிஷியோ என்பது வரி அலுவலகத்துக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கு நான் ஒசாக்கா.

கூடத்தை நடத்துவது ஊற்றுச் சங்கம். சங்கத்து வீடுகள் முறைபோட்டுக் கழுவும். எந்த வீட்டின் முறையோ அந்த வீட்டு வாசலில் ஒரு மரக்கட்டை தொங்கும். முறை முடிந்ததும் அது அடுத்த வீட்டுக்குப் போகும். சங்கத்தில் இல்லாதவர்களும் குளிக்கலாம், யாரும் தடுப்பதில்லை. ஆனால் கட்டை அவர்கள் வாசலைத் தாண்டிப் போய்விடும். அது தாண்டிப் போவதை நான் ஒவ்வொரு சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இலையுதிர்காலத்தில் துணிந்து, எங்களைச் சேர்த்துக்கொள்ளும்படி சங்கத்தலைவர் யஜிமாவிடம் கேட்டேன். பிப்ரவரிக் கூட்டத்தில் பேசலாம் என்றார். ஒருமுறை மறுக்கப்பட்ட வீட்டின் பேச்சை மறுபடி எடுக்கும் வழக்கம் இங்கே இல்லை. அது தெரிந்துதான் கேட்டேன்.

அதே பிப்ரவரியில்தான் எங்கள் சரிவில் முதல்முறையாக உலகக் கோப்பைப் பனிச்சறுக்குப் போட்டி. சாலையை அகலப்படுத்தினார்கள். நூடுல்ஸ் கடை நடத்தும் சாயோ அக்கா, படம் போட்ட புதிய உணவுப் பட்டியல் அடித்தார். எங்கள் விடுதியில் நார்வே அணி தங்குவதாக ஏற்பாடு. டிசம்பரில் போட்டி ஏற்பாட்டாளர்கள் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள் வைத்தார்கள்: விருந்தினர் வரும் நாட்களில் மட்டும் தண்ணீரைக் கொஞ்சம் ஆற்றி வைக்க முடியுமா? போன வருடம் வந்தவர்கள் சூடு தாங்காமல் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டதாகவும், கூடத்தைப் பற்றி இணையத்தில் ஒருமாதிரி எழுதியதாகவும் சொன்னார்கள்.

அதற்காகக் கூடிய கூட்டத்தில் யஜிமா பேசியது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. எழுபதைத் தாண்டியவர், ஒலிம்பிக்கின்போது ஓட்டப்பாதைப் பனியைக் காலால் மிதித்து இறுக்கிய குழுவில் இருந்தவர். அந்த நாளில் பிடித்த பனிச்சறுக்குக் கோலையே இப்போதும் கைத்தடியாக ஊன்றி நடக்கிறார்.

"அவங்க நம்ம மலைக்கு வர்றாங்க. மலை சின்னதாகணுமா, அவங்க காலு பெருசாகணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். விடுதிக்காரன் என்பதால் அழைக்கப்பட்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்த நான், இரண்டு வாரம்தானே, கொஞ்சம் யோசிக்கலாமே என்று சொல்லிவிட்டேன். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. ஆற்றுவதில்லை என்று முடிவாயிற்று.

புத்தாண்டு கழிந்ததும் தண்ணீர் ஆறத் தொடங்கியது.

காலையில் சுடும். மதியத்துக்குமேல் வெதுவெதுப்பாகிவிடும். முறைக்காரர் போய்ப் பார்ப்பதற்குள் சில நாள் மடைப்பலகை மறுபடி மேலே ஏறியிருக்கும்; சில நாள் இறங்கியபடியே இருக்கும். தூக்கி வைப்பார். அடுத்த நாளும் அப்படியே. முதலில் அந்த வார முறைக்காரரைச் சந்தேகப்பட்டார்கள். கட்டை அடுத்த வீட்டுக்குப் போன பிறகும் தண்ணீர் ஆறியது. அதற்கடுத்த வீட்டுக்குப் போயும் ஆறியது. ஆக, இது கட்டை இல்லாத ஒருவர் செய்கிற வேலை. கட்டை இல்லாத வீடு கீழத்தெருவில் எது என்று யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

என் முகத்துக்கு நேரே யாரும் எதுவும் சொல்லவில்லை. சாயோ அக்கா கடைக்குள் நான் நுழைந்தால் பேச்சு நிற்கும், உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்கும். வருடாவருடம் ஜனவரியில் யாராவது ஒருவர் எங்கள் வாசலில் கீரை ஊறுகாய் ஜாடி வைத்துவிட்டுப் போவார். யார் என்று கேட்கக்கூடாது, அது முறையில்லை. இந்த ஜனவரியில் வாசலில் பனி மட்டும் இருந்தது. ஒருநாள் நான் பணம் கொடுக்கும்போது சாயோ அக்கா சாதாரணமாகக் கேட்டார்.

"ஏம்ப்பா, உன் விருந்தாளிங்களுக்கு இப்ப குளியல் பிடிச்சிருக்காமே?"

"பிடிச்சிருக்குன்னுதான் சொல்றாங்க அக்கா."

"சொல்லத்தானே செய்வாங்க" என்று மீதியை எண்ணித் தந்தார்.

மடைக்குக் காவல் போடலாம் என்று சிலர் சொன்னார்கள். யஜிமா வேண்டாம் என்றுவிட்டார். வேலை உள்ளவர்கள் வேலையைப் பாருங்கள், சும்மா இருக்கிறவன் நான், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றாராம். அன்றிலிருந்து மதியச் சாப்பாடு முடிந்ததும், கோலை ஊன்றிக் கூடத்தைச் சுற்றி வந்தார். பின்பக்கப் பனியில் அவர் காலடியும், பக்கத்தில் அந்தப் பழங்காலக் கோலின் அடிவளையம் பதிந்த வட்டத்தடமும் தினமும் விழுந்தன. எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. பிடிபடுபவன் நான் இல்லை என்று அவராவது சொல்வார்.

சந்தேகம் என்பது வெளியே இருக்கும்வரை தாங்கிக்கொள்ளலாம். ஒரு பிற்பகல், கூரைப்பனி தள்ளிவிட்டுப் பின்வழியாக வந்துகொண்டிருந்தேன். மடைக்குப் பக்கத்தில் ஒருவர் குனிந்திருந்தார். யஜிமா சுற்றிவிட்டுப் போய் நெடுநேரம் ஆகியிருந்தது. நீலக் கம்பளித் தொப்பி. அதைப் பின்னியபோது நூல்கண்டைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தது நான். ஃபுயுமியின் இரண்டு கைகளும் பலகைமேல் இருந்தன. நான் தேவதாரு மரத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். சொந்த மனைவியைப் பார்த்து ஏன் ஒளிந்தேன் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. நீராவியில் அவள் கைகள் என்ன செய்கின்றன என்பது தெரியவில்லை. தெரிய வேண்டியதுமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அவளுக்குக் காரணம் இருந்தது. விருந்தினர் எழுதிவிட்டுப் போவதை அவள்தான் படிப்பாள். 'குளியல்தான் கொடுமை' என்று யாராவது எழுதினால் அன்று முழுதும் முகம் வாடியிருக்கும். அண்மையில் அப்படி யாரும் எழுதவில்லை.

நான் கேட்கவில்லை. காலையில் சோறு, ஊறுகாய் இல்லாத தட்டு, அடுப்பில் கெட்டில் கொதிக்கும் சத்தம். நாங்கள் அதிகம் பேசிக்கொள்கிறவர்கள் இல்லை. அதனால் வெளியே பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் மாறியதாகத் தெரிந்திருக்காது. முன்பு இருந்த மௌனம் வேறு. அதில் இரண்டுபேரும் இருந்தோம். இந்த மௌனத்தில் நான் ஒரு மூலையில் இருந்து அவளைப் பார்த்தேன். அவளும் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் எனக்கு உறைத்தது. நான் பூட்ஸை மாட்டும்போதெல்லாம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். முன்பு கேட்டதில்லை.

கூட்டத்துக்கு முந்தைய வாரம், நார்வேக்காரர்கள் வந்து இறங்கிய மறுநாள் காலை, சமையலறையில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்தாள்.

"என்னங்க, இதோட விட்டுடுங்க. கூட்டம் முடியற வரைக்குமாவது."

"எதை விடச் சொல்றே?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. தினமும் நீங்க எறக்கறதும், நான் பின்னாடியே போய்த் தூக்கறதும்... யாராவது பார்த்தா என்னன்னு சொல்வேன் நான்?"

எனக்குச் சிரிப்பு வந்தது, வாய்வரை வந்து நின்றுவிட்டது. டிசம்பர்க் கூட்டத்தில் நான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்திலிருந்தே அவள் என்னைச் சந்தேகித்திருக்கிறாள். ஊர் கண்டுபிடிப்பதற்கு முன்னால் மறைத்துவிட வேண்டுமென்று தினமும் போய்ப் பலகையைத் தூக்கியிருக்கிறாள். அதைப் பார்த்துத்தான் நான் அவளைச் சந்தேகித்தேன்.

"நான் நீதான்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றேன்.

அவள் என்னை நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு மறுபடி கத்தியை எடுத்து நறுக்கத் தொடங்கினாள். நம்பிவிட்டாளா என்று கேட்கவில்லை. இருவரும் இல்லை என்றால் யார் என்ற கேள்வி முள்ளங்கிக்கும் எங்களுக்கும் நடுவில் கிடந்தது.

அன்று சறுக்கு வீரர்களின் பயிற்சி ஓட்டம். ஊரே சரிவுக்குப் போயிருந்தது. அவள் வழக்கத்தைவிட முன்னதாக, மதியமே போய்ப் பலகையைத் தூக்கிவிட்டு வந்தாள்; இன்றைக்குச் சீக்கிரமே இறங்கியிருந்தது என்று மட்டும் சொன்னாள். நான் மூன்று மணிவாக்கில் கூடத்துக்குப் போனேன். யாரும் இல்லை. தண்ணீர் பழைய தண்ணீராக இருந்தது. எறும்புகள் ஒரே நேரத்தில் கடிப்பதுபோல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன்.

யஜிமா வந்தார். அவர் குளிக்கும் நேரம் அது. என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, தொட்டி ஓரம் குந்தி, கையை நீரில் விட்டார். உடனே எடுத்துவிட்டார். எனக்குத் தெரிந்தவரை, ஒருபோதும் அவர் கையை விட்டுப் பார்த்து இறங்கியவர் இல்லை.

வாளியில் குழாய்த் தண்ணீர் பிடித்துத் தோளில் ஊற்றிக்கொண்டார். மறுபடி பிடித்தார். நார்வேக்காரர்கள் எப்படி, என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்தார். எனக்கு மீன் வாங்க நேரமாகவில்லையா என்றார். நான் கிளம்பக் காத்திருக்கிறார் என்று புரிந்தது. ஏன் என்று அப்போது புரியவில்லை. என் கண்கள் மட்டும் அவருடைய வாளியில் நிலைத்துவிட்டன.

அப்போது கதவு தள்ளப்பட்டது. எங்கள் விடுதியில் தங்கியிருந்த நார்வே வீரன் ஒருவன், கன்னம் பனியில் சிவந்து, உள்ளே வந்தான். ஊர் வழக்கத்தைப் படித்துவிட்டு வந்திருப்பான்போல. நன்றாகக் கழுவிக்கொண்டு, எங்களுக்குத் தலைவணங்கிவிட்டு, கண்ணை இறுக மூடித் தொட்டியில் இறங்கினான். முகம் இரத்தமாய்ச் சிவந்தது. சத்தம் போடவில்லை. கழுத்துவரை போனதும் கண்ணைத் திறந்து, ஓரத்தில் குந்தியிருந்த கிழவரைப் பார்த்து, வாருங்கள் என்று கையால் அழைத்தான். மரியாதையாகத்தான் அழைத்தான்.

யஜிமா எழுந்தார். மலை சின்னதாகணுமா என்று கேட்டவர். ஒரே மூச்சில் இறங்கினார்.

முகத்தில் சுளிப்பு இல்லை. நிறம்தான் போனது. உதடு முதலில், பிறகு காது. தலை மெதுவாகக் கல்விளிம்பின்மேல் சாய்ந்தது. நானும் அந்த வீரனுமாகக் கையிடுக்கில் பிடித்துத் தூக்கி, உடைமாற்றும் அறைப் பலகையில் கிடத்தினோம். வெளியிலிருந்து பனி அள்ளி வந்து துண்டில் சுற்றிக் கழுத்தில் வைத்தேன். கண் திறந்ததும் முதலில் அந்தப் பையனை அனுப்பச் சொன்னார். வைத்தியரைக் கூப்பிடவா என்றதற்குக் கையை ஆட்டி மறுத்தார்.

மலையிலிருந்து ஒலிபெருக்கி ஏதோ பெயரைச் சொல்வது கேட்டது.

"இதயம்" என்றார், கூரையைப் பார்த்தபடி. "அக்டோபர்ல நாகானோ பெரியாஸ்பத்திரி டாக்டர் சொல்லிட்டான். சூட்டுத்தண்ணி கூடாதாம். சுடாம எப்படிடா குளிக்கிறது?"

"வீட்டுல தெரியுமா?"

"தெரிஞ்சா வீட்டுத் தொட்டியில உக்கார வச்சிருவாங்க. ரப்பர் வாத்து ஒண்ணும் வாங்கிக் குடுப்பாங்க."

கதவோரம் அவருடைய கோல் சாய்ந்திருந்தது. அடியில் அந்த வட்டத்தில் இன்னும் பனி ஒட்டியிருந்தது. காவல் சுற்றுகிறேன் என்று அவர் தினமும் போனதை நினைத்துப் பார்த்தேன். என் வாசலில் ஜாடி இல்லாத ஜனவரியையும் நினைத்தேன். என்னை ஊர் எப்படிப் பார்க்கிறது என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

"ஒசாக்கா, கூட்டத்துல சொல்லப்போறியா?"

துண்டை மறுபடி அவர் கழுத்தில் சரியாக வைத்தேன். அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை. துண்டிலிருந்து பனி உருகிப் பலகை இடுக்கில் சொட்டிக்கொண்டிருந்தது. சட்டையை மாட்ட உதவி செய்தேன். வாசலில் கோலை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லாமல் போனார்.

வீட்டில் ஃபுயுமியிடமும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால், அவர் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை, அதற்கு முன்னால் வேறு யாரிடமும் சொல்ல முடியாது என்று தோன்றியது என்பேன். அது முழு உண்மையா என்பது எனக்கே உறுதியில்லை. கையில் இருந்ததை இறுக்கி வைத்துக்கொள்ளும் ஆசையும் இருந்திருக்கலாம். சொன்னால் என் பெயர் வெளுக்கும். ஆனால் தலைவரைக் காட்டிக்கொடுத்தவனுக்குக் கட்டை யார் தருவார்கள்? சொல்லாவிட்டால் ஊர் என்னையே குற்றவாளியாக வைத்து முடிவெடுக்கும். இரண்டு பக்கமும் ஒரே பனி.

கூட்டம் யஜிமாவின் வீட்டில் நடந்தது. எல்லோரும் தரையில் கால் மடித்து உட்கார்ந்தோம். தேநீர் வந்தது. சாயோ அக்கா எனக்கு நேர் எதிரில். தண்ணீர் விஷயத்தை இன்று பேசித் தீர்க்கவேண்டும், வெளியாளைச் சேர்ப்பதைப் பிறகு பார்க்கலாம் என்று ஒருவர் தொடங்கினார். எல்லாக் கண்களும் என் தேநீர்க் கிண்ணத்தில் வந்து நின்றன. நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்ல இருந்தேன் என்பது எனக்கே தெரியாது. அதற்குள் யஜிமா பேசினார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. பலகையைத் தாங்குற முளை தேஞ்சு போச்சு. தானா எறங்கியிருக்கு. நான் நேத்து வேற முளை அடிச்சிட்டேன்."

தண்ணீரில் ஊறி உப்பிய அந்தப் பலகை இரண்டு கை போட்டு அழுத்தினால்தான் இறங்கும் என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் சொன்னது தலைவர். சாயோ அக்கா என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார், பிறகு தேநீரைக் குடித்தார்.

"அடுத்து ஒசாக்கா வீட்டுப் பேச்சு" என்றார் யஜிமா. "வேண்டாம்னு நெனைக்கிறவங்க சொல்லலாம்."

எங்கள் சங்கத்தில் கை தூக்கும் வழக்கம் இல்லை. மௌனம்தான் சம்மதம். அந்த மௌனம் எவ்வளவு நீண்டது என்று சொல்லமுடியாது. கூரையிலிருந்து ஒரு பனிக்கட்டி சரிந்து விழுந்தது, அதன் பிறகும் நீண்டது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவர் எழுந்து, மாடத்திலிருந்து மரக்கட்டையை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

"போட்டி வாரத்துல யாருக்கும் நேரம் இருக்காது. முதல் முறை புது ஆளோடது. ஒசாக்கா எடுத்துக்கட்டும்."

சிரிப்பு எழுந்தது, கொஞ்சம் கைதட்டலும். தலை தரையில் படும்படி வணங்கினேன். நிமிர்ந்தபோது அவர் கண்களைத் தேடினேன். அவர் தேநீர்ச் சட்டியின் மூடியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

கட்டையை வாசலில் மாட்டியபோது ஃபுயுமி பக்கத்தில் நின்றாள். கையால் அதைத் தடவினாள்.

"முளையா?" என்றாள்.

"முளைதான்."

அவள் தலையசைத்தாள். அந்தத் தலையசைப்பை எனக்குத் தெரியும். சமையலறையில் கத்தியை மறுபடி எடுத்தபோது பார்த்த அதே முகம்.

போட்டி தொடங்கியது. தெருவில் நடக்க இடமில்லை. கூடத்து வாசலில் வெளிநாட்டுக்காரர்கள் வரிசையில் நின்று படமெடுத்தார்கள். விடியலில் நான் பலகையை இறக்கி, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, பலகையை மறுபடி தூக்கி வைத்தேன். அது என் கையில் அசைந்ததிலிருந்து மதியம்வரை யோசித்தேன். அவர் எனக்குத் தந்தது கட்டையையா, மடையையா? மௌனமாக இருந்ததற்காக ஊருக்குள் விட்டாரா, அல்லது பழியைச் சட்டப்படி என் வாசலில் மாட்டினாரா? தண்ணீர் சுட்டால் அவர் குளிக்க முடியாது. தினமும் குளிக்கிறவர் ஒருநாள் வராவிட்டால் தெரு கேட்கும். அல்லது கேட்கட்டும் என்று வந்து இறங்குவார். சாய்ந்த அந்தத் தலை என் கண்ணுக்குள் இருந்தது. தண்ணீர் ஆறினால், அது புது ஆள் ஆற்றியது.

மதியச் சாப்பாடு முடிந்து பின்பக்கம் போனேன். புதிதாகப் பனி பெய்திருந்தது. கோலின் தடம் இல்லை. அவர் இன்று காவல் சுற்றவில்லை, இனி சுற்றமாட்டார். பலகைமேல் இரண்டு கையும் போட்டு அழுத்தினேன். முளை பழைய முளைதான். திரும்பி வரும்போது என் காலடிகளைச் சுள்ளித் துடைப்பத்தால் அழித்துக்கொண்டே வந்தேன். எங்கள் சமையலறைச் சன்னலில் திரை அசைந்து நின்றது.

மூன்று மணிக்கு ஆண்கள் பக்கம் நிரம்பியிருந்தது. யஜிமா வந்தார். கையை விட்டுப் பார்க்காமல், ஒரு சுளிப்பும் இல்லாமல், கழுத்துவரை இறங்கினார். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து சாயோ அக்காவின் குரல் கேட்டது.

"தலைவரே, புது ஆளு கையில கட்டை போன முதல் நாளே தண்ணி இப்படி ஆறிக்கெடக்கே?"

இரண்டு பக்கமும் சிரித்தார்கள். யஜிமா கண்களை மூடியிருந்தார். முகத்தில் நல்ல நிறம் இருந்தது.

"என்ன பண்றது" என்றார் சத்தமாக. "ஒசாக்காக்காரன்."

அவருக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. கழுத்துவரை இறங்கினேன். தண்ணீர் சுகமாக இருந்தது.